இசைத்தட்டின் கதை: அத்தியாயம் 17 – பொறாமை என்னும் மெட்டு

சென்ற அத்தியாயத்தில், கோபன்ஹேகன் நகரத்துத் திவோலிப் பூங்காவில் 1843 முதல் ஏறக்குறைய முப்பது வருஷ காலம் வாத்தியக் கோஷ்டியை நடத்திய ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்பியின் சரித்திரத்தைப் பார்த்தோம். எடிசன் தம்முடைய போனோகிராபைக் கண்டுபிடிப்பதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே, 1874ல், லும்பி காலமாகிவிட்டபடியால், அவர் கையசைவில் எழுந்த நாதம் எதுவும் மெழுகிலும் படியவில்லை, தகட்டிலும் ஏறவில்லை; எஞ்சியவை காகிதத்தில் எழுதிய ஸ்வரக் குறிப்புகளே. நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1944 ஜூன் மாதத்து இரவொன்றில், ஆக்கிரமிப்பாளரின் கையாட்கள் திவோலிக்குள் வெடிவைத்துக் கச்சேரி மண்டபத்தை எரித்தபோது அந்தக் காகிதங்களிலும் பல சாம்பலாயின. அச்சேறியிருந்தவையும், வேறிடங்களில் பிரதி இருந்தவையுமே தப்பின.

இந்த அத்தியாயத்தில் நாம் காணப்போகிறவரும் அதே நகரத்தில் வாத்தியக் கோஷ்டி நடத்திப் பிழைத்தவர்தாம். ஆனால் அவருடைய ஜாதகம் லும்பியின் ஜாதகத்துக்கு நேர் மாறானது. அவர் இயற்றிய உருப்படிகளில் பெரும்பாலானவற்றை உலகம் கேட்டதே இல்லை; ஒரே ஒரு மெட்டைக் கேட்டது, அதையும் நாலு நிமிஷத்துக்கு மேற்படாத ஒரு மெட்டை; கேட்டதோடு நில்லாமல், கிராமபோனிலும், வானொலியிலும், பேசும் படத்திலும், நடன மண்டபத்திலும் திரும்பத் திரும்பக் கேட்டு, அதை எழுதியவர் யார் என்று விசாரிக்காமலே ரசித்தது. தென்னமெரிக்காவில் பிறந்த பழைய மெட்டு என்று அதைக் கருதியவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் அது குளிர் மிகுந்த டென்மார்க்கில், ஊமைப்படக் கொட்டகை ஒன்றின் இருட்டில் முதன்முதல் ஒலித்தது.

அவர் பெயர் யாகோப் கேதெ. ஆங்கிலேயர் அந்த இரண்டாம் எழுத்தை வல்லோசையாக்கி 'கேட்' என்றும் 'கேட' என்றும் கெடுத்துவிட்டார்கள். டேனிஷ் மொழியிலோ அது நாம் 'காதல்' என்று சொல்லும்போது தகரம் மெலிகிறதே, அதே மாதிரி மெலிந்து ஒலிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிம்பொனிகள் எழுதிப் புகழடைந்த நீல்ஸ் கேதெ வேறு, இவர் வேறு என்பதையும் இங்கேயே சொல்லி வைத்துவிடுகிறேன்; இசைத்தட்டுக் கடைகளில் இருவரும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். நம்முடைய கேதெ 1879 நவம்பர் 29ஆம் தேதி, ஜட்லாந்துப் பிரதேசத்தின் கீழ்க்கரையில் உள்ள வைலெ என்ற சிற்றூரில் பிறந்தவர். வாத்தியம் வாசிப்பதைத் தொழிலாகக் கொண்ட குடும்பம். கல்யாணத்துக்கும், சந்தைக்கும், நடனத்துக்கும் வாசிக்கிற கிராமிய வாத்தியக்காரன் எந்தத் தேசத்திலும் பெரிய சம்பாத்தியம் உள்ளவனல்லன். ஆனால் அவன் வீட்டுப் பிள்ளைக்குத் தாளம் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. பையன் முதலில் ஊதியது டிரம்பெட். பத்து வயதை ஒட்டித் திவோலிப் பூங்காவிலேயே மேடையேறி ஊதிக் காட்டினான் என்றால், அந்தக் குழந்தைப் பருவத்துக் கீர்த்தி எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுக்குமேல்தான் அவன் கையில் பிடில் வந்தது. அதன்பிறகு டிரம்பெட்டைப் பற்றிப் பேச்சில்லை.

பதினாறு வயதில் அவன் வீட்டை விட்டுத் தலைநகருக்குப் புறப்பட்டான். கையில் காசில்லாத, நகரத்தில் தெரிந்தவர் இல்லாத பையனுக்குத் தலைநகரங்கள் எல்லாம் ஒரே விதமாகத்தான் வரவேற்பு அளிக்கின்றன. தங்க இடமின்றித் தவித்த சில நாட்களுக்குப் பின்பு, கேளிக்கை விடுதி ஒன்றில் வாசிக்க வேலை கிடைத்தது. பீர் அருந்துகிறவர்களின் இரைச்சலுக்கும் கோப்பைகளின் ஓசைக்கும் மேலே தன் பிடிலைக் கேட்கச் செய்ய வேண்டிய அந்தப் பயிற்சி, சங்கீதக் கல்லூரிகளில் கிடைக்காத பயிற்சி. முதல் நாலு ஸ்வரங்களிலேயே கேட்பவனைத் திரும்பிப் பார்க்க வைக்காவிட்டால் அப்புறம் அவன் பார்க்கவே மாட்டான் என்ற பாடத்தைக் கேதெ அங்கே கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய அந்தப் பிரசித்தமான மெட்டின் தொடக்கத்தைக் கேட்டவர்களுக்கு, அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

நூற்றாண்டு திரும்பிய சமயத்தில், கோபன்ஹேகன் கேளிக்கை மேடைகளில் கொடிகட்டிப் பறந்த டாக்மார் ஹான்ஸன் என்ற பாடகிக்கு அவர் ஒரு பாட்டுக்கு மெட்டமைத்துக் கொடுத்தார்; பாட்டு ஊரெல்லாம் பரவியது; பாடகியோடு வாழ்க்கையும் சில காலம் பிணைந்தது. பின்னர் 1908ல் மிமி மிக்கெல்ஸன் என்ற நடிகையை மணந்தார். அடுத்த வருஷம், நகரசபைச் சதுக்கத்தின் எதிரே நிமிர்ந்து நின்ற பிரிஸ்டல் ஹோட்டலில் வாத்தியக் கோஷ்டியின் தலைவரானார். இந்த வருஷங்களில் அவர் எழுதியவை பெரும்பாலும் வால்ட்ஸ்கள். நல்ல துணியில் நல்ல தையல் என்று சொல்லத்தக்கவை. மாலையில் சாப்பிட வந்தவர்களுக்கு இதமாக இருந்து, மறுநாள் காலையில் மறந்து போகிறவை. அவற்றில் நெடுநேரம் நாம் தங்க வேண்டியதில்லை.

ஆனால் இதே காலத்தில் ஐரோப்பாவுக்குள் ஒரு நாட்டியம் புகுந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. போனஸ் அயர்ஸ் துறைமுகத்துக் குடிசைப் பகுதிகளில் பிறந்த டாங்கோ, பாரிஸ் நகரத்தின் வழியாக 1912, 1913ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியத் தலைநகரங்களை ஒரு ஜுரம் போலப் பற்றிக்கொண்டது. மதகுருமார்கள் கண்டித்தார்கள், ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம், தம் ராணுவ அதிகாரிகள் சீருடையோடு அதை ஆடலாகாது என்று தடை விதித்தார், தடை விதிக்க விதிக்க ஆசை வளர்ந்தது. டென்மார்க்குக்கோ இந்த ஜுரத்தின் முன்னறிகுறி 1910லேயே கண்டுவிட்டது. ஆஸ்தா நீல்ஸன் என்ற நடிகை 'படுகுழி' என்று பொருள்படும் ஓர் ஊமைப் படத்தில், தென்னமெரிக்க மாட்டுக்காரனின் பாணியில், காதலனைக் கயிற்றால் கட்டிப்போட்டு அவனைச் சுற்றி ஆடிய ஆட்டம் ஐரோப்பா முழுவதையும் திகைக்க வைத்தது. அந்தக் கதையிலும் நாயகி கடைசியில் காதலனைக் குத்திக் கொல்லுகிறாள். டாங்கோவும், காதற்கொலையும், சினிமாத் திரையும் டேனிஷ் மக்கள் மனத்தில் ஒரே முடிச்சாக விழுந்திருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வருஷம் கழித்து அந்த முடிச்சைத்தான் கேதெ அவிழ்த்து வாசிக்கப் போகிறார்.

முதல் உலக யுத்தம் ஓய்ந்தவுடன், 1919ல், அவர் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் வில்லெம் மெங்கல்பெர்க் என்ற டச்சுக்காரர் நடத்திய பெரிய சிம்பொனிக் கோஷ்டியில் பிடில்காரர்களுள் ஒருவராக உட்கார்ந்து வாசித்தார். பீர் விடுதியில் தொடங்கிய ஒருவருக்கு இது சாமானியமான உயர்வு அன்று. ஆயினும் பலருள் ஒருவராக வில்லை மேலும் கீழும் இழுப்பதைக் காட்டிலும் தாமே தலைமை தாங்குவதைத்தான் அவர் சுபாவம் நாடியது போலும். இரண்டு வருஷத்தில், 1921ல், கோபன்ஹேகனுக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பியவருக்குப் 'பலாஸ்' தியேட்டரில் இடம் காத்திருந்தது. பலாஸின் கதையே தனிக் கதை. 1912ல் அது பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடத்துக்குள் தொடங்கப்பட்டது. வண்டிகள் புகைகக்கி நின்ற கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான ஜனங்கள் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். 1918ல் அதற்கென்றே புதிய மாளிகை எழுந்தது. அந்த மாளிகையில், திரைக்கு முன்னே, இருபதுக்கு மேற்பட்ட வாத்தியக்காரர்கள் கொண்ட கோஷ்டிக்குக் கேதெ தலைவரானார்.

ஊமைப் படத்துக்கு வாத்தியம் வாசிப்பது என்றால் என்ன என்பதை இன்றைய தலைமுறைக்குச் சற்று விளக்கித்தான் ஆக வேண்டும். படம் தகரப் பெட்டிகளில் சுருள் சுருளாக வரும். சங்கீதம் அதனோடு வராது. வந்தாலும், இந்தக் காட்சிக்கு இன்ன மாதிரி வாசிக்கலாம் என்று குறித்த ஒரு காகிதம் மட்டும் வரும். கோஷ்டித் தலைவர் படத்தை முன்னதாகத் தனியே போட்டுப் பார்த்து, கடியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குதிரை ஓட்டத்துக்கு இத்தனை நிமிஷம், மரணப் படுக்கைக்கு இத்தனை நிமிஷம், முத்தத்துக்கு இத்தனை விநாடி என்று கணக்கிட்டு, தம் அலமாரியில் உள்ள உருப்படிகளை வெட்டியும் ஒட்டியும் ஒரு முழு இரவுக்கு வேண்டிய சங்கீதத்தைத் தொடுக்க வேண்டும். இதற்கென்றே புயல், துரத்தல், சூழ்ச்சி, துக்கம் என்று ரகம் பிரித்து, ஜுஸெப்பே பெச்செ என்பவர் பெர்லினில் 1919 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டு விற்றார். கொட்டகைக்காரர்கள் மளிகைச் சாமான் போல அவற்றை வாங்கினார்கள். காட்சி நடக்கும்போதோ, தலைவரின் ஒரு கண் திரையிலும், மற்றொரு கண் கோஷ்டியிலும் இருக்க வேண்டும். படம் ஓட்டுகிறவன் கைப்போக்கில் வேகம் மாறினால் சங்கீதமும் மாற வேண்டும். கதாநாயகி கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கையில் குதிரைக் குளம்பொலி கேட்டால் சபை சிரித்துவிடும். இந்தத் தொழிலைத் தாழ்ந்த தொழில் என்று சிம்பொனி வித்வான்கள் எண்ணினார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஒரு பாவத்தைச் சில விநாடிக்குள் தொட்டு, நிலைநிறுத்தி, மறு பாவத்துக்குத் தாவுகிற சாமர்த்தியத்தை இவ்வளவு கடுமையாகப் பயிற்றுவித்த பள்ளிக்கூடம் அந்த நூற்றாண்டில் வேறு இருந்ததில்லை.

1925 செப்டம்பர் 14ஆம் தேதி பலாஸில் ஒரு புதிய அமெரிக்கப் படம் திரையிடப்பட்டது. பெயர் 'டான் க்யூ, ஸோரோவின் மகன்'. டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் கதாநாயகர். சாட்டையைச் சுழற்றி மெழுகுவத்தியை அணைப்பதும், மதில்களைத் தாண்டுவதும், பொய்க் கொலைப் பழியைச் சுமந்து மறைந்து திரிவதுமாக ஸ்பெயின் தேசத்தில் நடக்கிற கதை. ஒரே பெண்ணை இருவர் விரும்ப, தோற்றவன் மனத்தில் விஷம் ஊறுவதே கதையின் முடுக்கு. இந்தப் படத்துக்காகச் சங்கீதம் தொடுக்கும்போது, அலமாரியில் இருந்தது போதாதென்று கருதிய கேதெ தாமே ஒரு டாங்கோவை எழுதிச் சேர்த்தார். பத்திரிகையில் படித்த ஒரு காதற்கொலைச் செய்தி அவர் மனத்தை விட்டு அகலாமல் நின்றதென்றும், பொறாமை என்ற ஒரு சொல்லே அவரைப் பிடித்து ஆட்டியதென்றும் சொல்லுவார்கள். மெட்டுக்கு 'ஜாலூஸி' என்று பிரெஞ்சில் பெயரிட்டு, 'ஜிப்ஸி டாங்கோ' என்ற அடைமொழியையும் சேர்த்தார். டென்மார்க்கில் பிறந்தவர், ஸ்பெயினில் நடக்கும் அமெரிக்கப் படத்துக்கு, தென்னமெரிக்க நடனத்தை, ஹங்கேரிய ஜிப்ஸிப் பிடில் பாணியில் எழுதி, பிரெஞ்சுப் பெயர் சூட்டினார்! இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். துறைமுக நகரங்களின் கலை எப்பொழுதுமே இப்படித்தான் விளைந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பொறாமை, மற்றொன்று, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது என்ற வகையில் மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய பலகணி. சந்தேகப் பிராணி ஒருவன் அந்தச் சட்டங்களின் இடுக்கு வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு இந்த மெட்டைக் கேட்டால் அதன் சுவை இரட்டிப்பாகும்.

மெட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். தொடக்கத்தில் நடனமே இல்லை. கோஷ்டி முழுதும் கொந்தளித்து எழுந்து அடங்க, தனிப் பிடில் தாளக் கட்டை அறுத்துக்கொண்டு, கீழே பாய்ந்து, மேலே துள்ளி, நின்று, தயங்கி, மறுபடி பாய்கிறது. நம் கச்சேரிகளில் பாட்டுக்கு முன்னால் ராகத்தைக் கோடி காட்டுவதுபோல, இனி வரப்போகிற உணர்ச்சி எது என்பதை அரை நிமிஷத்தில் அது சொல்லிவிடுகிறது. அதன் பிறகே டாங்கோவின் நடை பிடிக்கிறது. முதற்பகுதியின் ஸ்வரங்களை நம் காது கீரவாணியாகவே கேட்கும். காகலி நிஷாதத்தில் ஏறி ஷட்ஜத்தைத் தொடும் இடத்தில் உள்ள ஏக்கம் அத்தகையது. பின்னர், கதவு திறந்தாற்போல, சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்கு மெட்டு மாறுகிறது. பொறாமைக்காரன் தன் பழைய சந்தோஷத்தை நினைத்துக்கொள்கிற இடம் அது என்று வைத்துக்கொள்ளலாம். இருண்ட பகுதி, வெளிச்சப் பகுதி என்ற இந்த அமைப்பு வால்ட்ஸ்களிலும் டாங்கோக்களிலும் நூற்றுக்கணக்கில் உண்டு. புதுமை அமைப்பில் இல்லை. எந்த ஸ்வரமும் வீணாகாத சிக்கனத்தில் இருக்கிறது. ஊமைப் படத்துக்கு வாசித்துப் பழகியவனுக்குத்தான் அந்தச் சிக்கனம் கைவரும்.

இனி, இந்தத் தொடரின் பிரதான விஷயமாகிய இயந்திரத்துக்கு வருகிறேன். ஜாலூஸி பிறந்த அதே 1925ஆம் வருஷத்தில்தான் இசைத்தட்டுப் பதிவு மின்சார யுகத்துக்குள் நுழைந்தது. அதுவரை வாத்தியக்காரர்கள் ஒரு தகரப் புனலின் வாய்க்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு வாசித்தார்கள்; பிடிலின் மெல்லிய நாதம் புனலுக்குள் ஏறாதென்று, பிடிலுக்கே ஓர் ஊதுகுழல் பொருத்தி வாசித்த அவலத்தை முந்திய அத்தியாயம் ஒன்றில் விவரித்திருக்கிறேன். மைக்ரபோன் வந்ததும் அந்த அவலம் ஒழிந்தது. தந்தி வாத்தியங்கள் தங்கள் சொந்தக் குரலில் தட்டில் பேசத் தொடங்கின. பிடிலுக்கென்றே பிறந்த ஒரு மெட்டுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்த்திருக்க முடியாது.

ஆனால் அதே மைக்ரபோன்தான் கேதெயின் தொழிலுக்கு எமனாகவும் வந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1923 அக்டோபரில், ஆக்ஸல் பீட்டர்ஸன், ஆர்னால்ட் பௌல்ஸன் என்ற இரண்டு டேனிஷ் பொறியியலாளர்கள், ஒலியைப் பிலிமில் பதித்துத் திரையில் படத்தோடு சேர்த்துக் காட்டும் தங்கள் கண்டுபிடிப்பை ஜனங்களுக்கு முதன்முதலில் செய்து காட்டிய இடம் எது தெரியுமா? அதே பலாஸ் தியேட்டர்! இருபது முப்பது பேர் பிடிலும் செல்லோவும் ஏந்தி வயிறு பிழைத்துக்கொண்டிருந்த கூரையின் கீழேயே, அவர்கள் வேலையைப் பறிக்கப்போகிற யமதூதன் வந்து தலைகாட்டிவிட்டுப் போனான். டென்மார்க்குக்கு இந்தத் துறையில் பழைய பாத்தியதை உண்டு. எஃகுக் கம்பியில் காந்தத்தால் ஒலியைப் பதிக்கும் கருவியை 1898ல் அமைத்த வால்டமர் பௌல்ஸனும் டேனிஷ்காரர்தாம். 1900த்துப் பாரிஸ் பொருட்காட்சியில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் குரலை அவர் பதித்த கம்பி இன்றும் இருக்கிறது. ஆக, 1927ல் அமெரிக்காவில் திரை வாய் திறந்து பாடிவிட்ட பிறகு, ஐரோப்பாவும் வெகுநாள் மௌனமாக இருக்கவில்லை. 1931ல் முதல் டேனிஷ் பேசும் படம் வெளிவந்தது. தேசம் தேசமாகக் கொட்டகைக் கோஷ்டிகள் கலைக்கப்பட்டன. வாலிபத்தில் சினிமாப் பள்ளத்தில் இறங்கியவர்கள் நடுவயதில் தெருவில் நின்றார்கள்.

கேதெ நிற்கவில்லை. அவரை அந்த மெட்டு தூக்கி நிறுத்தியது. அச்சிட்ட ஸ்வரத்தாள்களாகவும், தேசத்துக்கொரு தட்டாகவும் ஜாலூஸி பரவப் பரவ, ராயல்டி என்ற சிறு ஊற்று கசியத் தொடங்கி, ஓடையாகி, ஆறாகிவிட்டது. கோஷ்டி நடத்தும் வேலையை உதறிவிட்டு, ஸீலாந்துத் தீவின் வடபுறத்தில் திபிர்க்கெ என்ற குன்றுப்புறத்தில் வீடமைத்துக்கொண்டு, இனிச் சங்கீதம் இயற்றுவதே வேலை என்று உட்கார்ந்துவிட்டார். சக வாத்தியக்காரர்களின் ஜீவனத்தை விழுங்கிய அதே தட்டும் பிலிமும், அவர் ஒருவருக்கு மட்டும் மாதாமாதம் படியளந்தன. அவரிடம் இதைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த ஆற்றைச் சமுத்திரமாக்கியவர் பாஸ்டன் நகரத்து ஆர்தர் ஃபீட்லர். பிடில்காரர் மகன், தாமும் தந்தி வாத்தியக்காரர், 1930ல் பாஸ்டன் பாப்ஸ் என்ற கோஷ்டியின் தலைமையை ஏற்றவர். பாஸ்டன் சிம்பொனியின் வாத்தியக்காரர்களைக் கொண்டே கோடைகாலத்தில் இலகுவான சங்கீதம் வாசிப்பதற்கென்று அமைந்த கோஷ்டி அது. கேட்பவர்கள் மேஜை நாற்காலிகளில் உட்கார்ந்து பானம் அருந்தலாம். மகாவித்வான்கள் சாமானிய மெட்டை வாசித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தக் கோஷ்டி கண்கூடான பதில். 1935 ஜூலை மாதத் தொடக்கத்தில், பாஸ்டன் சிம்பொனி மண்டபத்தில், விக்டர் கம்பெனிக்காரர்கள் அந்தக் கோஷ்டியை முதன்முதலாகத் தட்டில் பதித்தார்கள். கெர்ஷ்வினின் பிரசித்தமான நீல ராப்ஸடியும் அந்தப் பதிவில் சேர்ந்ததுதான். அமெரிக்கர் அனைவரும் அறிந்த கெர்ஷ்வினோடு, அமெரிக்கர் அதிகம் அறியாத ஒரு டேனிஷ்காரரின் டாங்கோவும் பதிவாயிற்று. சிம்பொனி மண்டபத்தின் மரச்சுவர்களும் கூரையும் தந்திகளுக்கு அளித்த கார்வை, நடனவிடுதிக் கோஷ்டிகளின் தட்டுகளில் கேட்டறியாத கார்வை. பலாஸின் இருட்டில் இருபது சில்லறைப் பேர் வாசித்த மெட்டு இப்போது ஒரு முழு சிம்பொனிக் கோஷ்டியின் ஆடை அணிந்து வந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் நீளம் அதற்குப் பெரிய அனுகூலம். நடுவில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டாம். வருஷக்கணக்கில் விற்று, பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் இலகு வாத்தியக் கோஷ்டித் தட்டு என்று இசைத்தட்டு வரலாற்றில் அது இடம்பெற்றது. நடனமாடத் தெரியாதவர்களும் டாங்கோத் தட்டு வாங்கினார்கள் என்பதே இதன் பொருள்.

அப்புறம் வந்ததெல்லாம் வேகமாகச் சொல்லித் தீரக்கூடியது. வார்த்தையில்லாத மெட்டுக்கு வேரா ப்ளூம் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆங்கிலத்தில் பாட்டெழுதினார். அவர் தகப்பனார் சால் ப்ளூம் இளமையில் சங்கீதப் பிரசுரக்காரராக இருந்து பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானவர். 1945ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் காத்ரின் கிரேஸன் அதைப் பாடினார். 1951ல் ஃபிராங்கி லேன் பாடிய தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாவது இடம் வரை ஏறியது. பத்து வருஷம் கழித்து, பில்லி ஃப்யூரி என்ற ராக் அண்ட் ரோல் இளைஞர் பாடியது பிரிட்டனில் இரண்டாவது இடத்தைப் பிடித்தது. பாடியவர்கள் பேரில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த மெட்டுக்கு வார்த்தை வேண்டியதில்லை என்பது என் பிடிவாதம். 1973ல் யெஹூதி மெனுஹினும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து வாசித்த தட்டுக்கு இதன் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். ஒருவர் சாஸ்திரீய மகாவித்வான், மற்றவர் ஜாஸ் பிடிலின் ராஜா. இருவரும் சந்திப்பதற்குப் பொதுவான இடம் வேண்டியபோது, டேனிஷ் சினிமாப் பிடில்காரர் ஒருவரின் முற்றம் அவர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது.

திபிர்க்கெயில் உட்கார்ந்து அவர் எழுதியவை என்ன ஆயின என்று கேட்கலாம். 'ரோமனெஸ்கா' என்றும், 'எல் மாத்தடோர்' என்றும் வேறு டாங்கோக்கள் உண்டு. 'லேடாவும் அன்னமும்' என்ற நாட்டிய சங்கீதம் உண்டு. 'ராப்ஸொடியெட்டா' என்ற கோஷ்டி உருப்படி உண்டு. ஓடென்ஸெ நகரத்துச் சிம்பொனிக் கோஷ்டி இவற்றில் சிலவற்றை ஜாலூஸியோடு சேர்த்துப் பதித்திருக்கிறது. தேடிப் பிடித்துக் கேட்கத் தகுந்த பதிவு. லேடாவில் வர்ண ஜாலம் நிறைய. வாத்தியங்களை நிறம் நிறமாக அடுக்கத் தெரிந்த கை அது என்பது உடனே புலனாகிறது. ரோமனெஸ்காவிலோ, தன் முந்தைய வெற்றியை ஒரு மனிதன் எட்டிப் பிடிக்கப் பார்ப்பது கேட்கிறது. அந்த முயற்சி பலிக்கவில்லை என்று சொல்வதற்கு வருந்துகிறேன். ஒரே மெட்டுக்காரர் என்று அவரை இகழ்கிறவர்களுக்கு என் பதில் இது: நெருக்கடியான ஒரு மாலைக்காக, வெட்டி ஒட்டுகிற வேலைக்கு நடுவே, படத்தின் கதையும் பத்திரிகைச் செய்தியும் மனத்தில் அடித்துக்கொண்டிருக்கையில் எழுதியது உயிர் பெற்றது, அவசரமில்லாமல், கவலையில்லாமல், குன்றுப்புறத்து வீட்டில் எழுதியது அந்த உயிரைப் பெறவில்லை. குறை அவருடைய வித்வத்தில் இல்லை. அவரை எழுதத் தூண்டிய அந்த இருட்டுக் கொட்டகை மறைந்துவிட்டது.

கேதெ 1963 பிப்ரவரி 20ஆம் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். தம் உருப்படிகளிலிருந்து வரும் ராயல்டி இளம் வாத்தியக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் செய்த ஏற்பாட்டின்படி, அவர் பெயரால் ஓர் அறநிதி இயங்கி வருகிறது; தலைநகரில் தங்க இடமின்றித் திரிந்த பதினாறு வயதுப் பிடில்காரப் பையனை அவர் மறக்கவில்லை. ஐரோப்பியச் சட்டப்படி, இயற்றியவர் இறந்த வருஷத்திலிருந்து எழுபது வருஷம் முடியும் வரை பதிப்புரிமை நிலைக்கும். ஆகவே 2033 டிசம்பர் 31ஆம் தேதி வரையில், ஐரோப்பாவின் ஏதேனும் ஒரு மண்டபத்தில் ஜாலூஸி ஒலிக்கும்போதெல்லாம், அதன் கூலியில் ஒரு பங்கு அந்த நிதிக்குப் போய்ச் சேரும்.

(தொடரும்)